புகழும் தேடிய தேட்டமா?

யாழ்ப்பாணத்துத் தமிழர் வாழ்விலே சட்டத்தொழில் நெடுங்காலமாகத் தனிமதிப்புப் பெற்றுவந்துள்ளது. ஐரோப்பியர் ஆட்சி விட்டுச்சென்ற 'அப்புக்காத்து', 'பிறக்கிராசி' என்னுஞ் சொற்கள், 1973ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டம் இருசாராரையும் 'சட்டத்தரணி' என்னும் ஒரே பெயரின்கீழ்க் கொண்டுவந்த பின்னரும், முதியோர் பேச்சினின்றும் உடனே மறைந்துவிடவில்லை. அத்தொழிலின் மதிப்பு அதனைச் செய்பவரோடு நின்றுவிடுவதுமில்லை. 'அப்புக்காத்தற்றை மனுசி' என்ற அடையாளம், கோயில் வீதியிலும் கலியாணப் பந்தலிலும் ஒரு பெண்ணுக்கு முன்வரிசையில் இடம்பெற்றுக் கொடுத்தது. கணவர் கொழும்பிலே பெரிய வழக்கொன்றில் தோன்றுகிறார், அவர் பெயர் பத்திரிகையில் வெளிவந்துள்ளது என்றால், அன்று அவள் தலை சற்று நிமிர்ந்தே இருக்கும். அந்த நிமிர்வை எவரும் குற்றமாகக் கொள்வதில்லை, இயல்பென்றே கொள்வர்.

ஆயினும் இயல்பானவை யாவும் நியாயமானவை ஆகிவிடமாட்டா. வழக்கின் ஏடுகளைப் புரட்டி விழித்திருந்தவர் ஒருவர்; மன்றிலே நின்று வாதித்தவர் அவரே; பெருமிதங் கொள்பவரோ இன்னொருவர். தான் செய்யாத ஒன்றன்பொருட்டு ஒருவர் பெருமிதங் கொள்ளுதல் எவ்வாறு பொருந்தும்? பொருந்துமாயின், அதே வழக்கிலே அநீதி ஏதும் நேர்ந்திருப்பின் அதன்பொருட்டு நாணங் கொள்ளும் கடமையும் அவருக்கு உண்டல்லவா? எளிய குடும்ப உணர்ச்சி ஒன்றைப் பற்றியனவாகத் தோன்றும் இவ்வினாக்கள், உண்மையில் இல்லறத்தின் ஒழுக்க அடிப்படையையே தொடுவன.

பதினெட்டாம் நூற்றாண்டின் ஸ்கொத்லாந்து மெய்யியலாளரான டேவிட் ஹியூம், மனித இயல்பு பற்றி 1739-40இல் வெளியிட்ட நூலிலே பெருமித உணர்ச்சியை விரிவாக ஆராய்ந்தார். பெருமிதத்தின் நோக்கம் எப்போதும் 'தான்' என்பதே. ஆனால் அதனை எழுப்பும் காரணமோ தன்னோடு தொடர்புடைய எதுவாகவும் இருக்கலாம் என்பது அவர் கண்ட முடிபு. வீடு, நாடு, உறவினர் ஆகியவற்றின் சிறப்பு, அவற்றோடு நமக்குள்ள தொடர்பின் வழியாக நம்மீதும் ஒளிவீசுகின்றது. இவ்விளக்கத்தின்படி, வாழ்க்கைத் துணையின் பெருமையிலே பங்குகொள்ளுதல் மனித மனத்தின் பொதுவிதிக்கு உட்பட்டதே. தன் மகனைச் சான்றோன் எனப் பிறர் சொல்லக் கேட்ட தாயின் மகிழ்ச்சி ஈன்றபொழுதின் மகிழ்ச்சியிலும் பெரிது என வள்ளுவர் மக்கட்பேறு அதிகாரத்திலே கூறுவதும் இத்தகைய உணர்ச்சியைப் பற்றியதேயாம்.

எனினும் ஹியூம் விளக்குவது உணர்ச்சி எவ்வாறு எழுகின்றது என்பதனையே. அது எப்போது தகுதியுடையதாகும் என்பதனையன்று. அயல்வீட்டார் மோட்டார் வண்டியை எண்ணிப் பெருமைப்படுபவரும், தம் ஊரிலே பிறந்த பேரறிஞரை எண்ணிப் பெருமைப்படுபவரும் தொடர்பொன்றினாலேயே பெருமைப்படுகின்றனர். ஆகவே தொடர்பு மட்டும் போதாது. அஃது எத்தகைய தொடர்பு என்பதே வினா. தாயின் மகிழ்ச்சிக்கு வளர்ப்பு என்னும் உழைப்பு அடிப்படையாயுள்ளது. மணவாழ்வில் அவ்வடிப்படை யாது?

இவ்வினாவிற்கு விடைகாண எமது மண்ணின் சட்ட மரபே ஒரு கருத்தைத் தருகின்றது. ஒல்லாந்தர் ஆட்சியிலே, 1706-1707ஆம் ஆண்டுகளில், யாழ்ப்பாணத்துத் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் தொகுத்த தேசவழமை, குடும்பத்தின் ஆதனத்தை முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என மூன்றாக வகுத்தது. முன்னோர் வழி வந்தது முதுசம். மணமகள் கொண்டுவந்தது சீதனம். மணவாழ்வின்போது ஈட்டப்பட்டது தேடிய தேட்டம். தேடிய தேட்டத்திலே கணவனுக்கும் மனைவிக்கும் சமவுரிமை உண்டென்பதை 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டமும் ஏற்றுக்கொண்டது. பின்னர், 1947இல், அதன் வரைவிலக்கணம் திருத்தப்பட்டது. இவ்வேற்பாட்டின் உட்கருத்து ஊன்றி நோக்கத்தக்கது. சம்பாதித்த கை ஒன்றாயிருப்பினும், அக்கை சம்பாதிக்க இயலுமாறு வீட்டைத் தாங்கிய கை இன்னொன்று என்பதை ஊர்வழக்கம் அறிந்திருந்தது. அவ்வாறாயின், மணவாழ்வின்போது ஈட்டிய புகழும் ஒரு தேடிய தேட்டந்தானா? பணத்திலே பாதி உரிமை உண்டெனில், பெயரிலே பாதி உரிமை இல்லை என்று எவ்வாறு கூறுவது?

இவ்வினா வெறும் கற்பனையன்று. சட்டத்தரணி ஒருவரின் மனைவி இதனைத் தன் கணவரிடம் நேர்நின்று கேட்டிருக்கிறார். அவர் கஸ்தூரிபா காந்தி.

மோகன்தாஸ் காந்தி 1888இல் சட்டம் பயில இலண்டனுக்குச் செல்ல எண்ணியபோது, செலவுக்கு வழிதேடிய வேளையில் அவர் சிந்தனையிற் பட்டவற்றுள் மனைவியின் நகைகளை விற்பதும் ஒன்று. 1891இல் பாரிஸ்டராகத் திரும்பிய அவர், பம்பாய்ச் சிறுவழக்கு மன்றிலே தோன்றிய முதல் வழக்கில் குறுக்குவிசாரணைக்கு எழுந்து, நா எழாது, தலை சுழல, அமர்ந்துவிட்டார். பெற்ற கட்டணமாகிய முப்பது ரூபாவையும் திருப்பிக் கொடுத்தார். அவரது வாழ்விலே 'பெரிய வழக்கு' என்று கூறத்தக்கது 1893இல் வந்தது. நேட்டாலில் வணிகஞ் செய்த தாதா அப்துல்லா நிறுவனத்தார், பிரிட்டோரியாவிலிருந்த தம் உறவினரான வணிகர் மீது 40,000 பவுண் கோரித் தொடுத்த வழக்கு அது. ஓராண்டுக்கு 105 பவுண் ஊதியத்திற்கும் பயணச் செலவிற்கும் இசைந்து காந்தி கப்பலேறினார். கஸ்தூரிபா இரு சிறு மைந்தரோடு இந்தியாவிலே தங்கினார். இளையவரான மணிலால் 1892ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பிறந்த கைக்குழந்தை. ஓராண்டுக்கெனச் சென்றவர் திரும்பிவர 1896 ஆயிற்று.

அவ்வாண்டுகளில் கஸ்தூரிபா பெருமிதங் கொண்டாரோ, தனிமையில் வாடினாரோ என்பதனை அவர் எழுதிவைக்கவில்லை. எழுத்தறிவு அவருக்கு மிகக் குறைவாகவே வாய்த்தது. அவரைப்பற்றி உலகு அறிந்தவற்றுட் பெரும்பகுதி கணவரின் எழுத்தின் வழியாகவே அறியப்பட்டது. வெற்றி பெற்றவரின் பெயர் ஏட்டிலே ஏறுகின்றது. அவ்வெற்றிக்காகக் காத்திருந்தவரின் காலம் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. துணைவரின் பெருமிதம் என்பது, ஒருவகையில், ஏட்டிலே ஏறாத அவ்வுழைப்பு தனக்குத் தானே எழுதிக்கொள்ளும் பற்றுச்சீட்டு எனலாம்.

1897இன் தொடக்கத்தில் கஸ்தூரிபா தேர்பன் நகரில் குடியேறினார். காந்தியின் அலுவலக எழுதுவினைஞர் சிலரும் அவர் வீட்டிலேயே தங்கியிருந்தனர். அவர்களுட் சிலரது அறைப் பாத்திரங்களைக் கழுவும் பணியும் வீட்டாரைச் சார்ந்தது. பஞ்சமர் குலத்திலே பிறந்த கிறித்தவ எழுதுவினைஞர் ஒருவரின் பாத்திரத்தைக் கண்ணீரோடு சுமந்த மனைவியைக் காந்தி சினந்து வாயில்வரை இழுத்துச்சென்ற நிகழ்ச்சியை, அவரே பிற்காலத்தில் வெட்கத்தோடு பதிவுசெய்துள்ளார். அந்நிகழ்ச்சியிலே சாதி பற்றிய கஸ்தூரிபாவின் மனத்தடையும் வெளிப்படுகின்றது; கணவரின் ஆணவமும் வெளிப்படுகின்றது. ஆயினும், ஒரு சட்டத்தரணியின் அலுவலகம் எத்தனை கண்காணாத கைகளின் மீது நிற்கின்றது என்பதற்கு அதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1901இல் காந்தி நேட்டாலை விட்டுப் புறப்பட்டபோது இந்தியச் சமூகத்தவர் பொன்னும் வைரமுமான பரிசில்களை வழங்கினர். கஸ்தூரிபாவுக்கென 50 கினி பெறுமதியான பொற்சங்கிலி ஒன்றும் அவற்றுள் இருந்தது. பொதுப்பணிக்குக் கூலி பெறுதல் தகாது எனக் கருதிய காந்தி, அனைத்தையும் பொதுநிதியமாக்கத் துணிந்தார். மனைவி மறுத்தார். அச்சங்கிலி உன் பணிக்கா தரப்பட்டது, என் பணிக்கா எனக் கணவர் வினவினார். கணவரின் பணி தன் பணியுமே என்றும், இரவும் பகலும் தான் உழைத்தது பணியாகாதா என்றும் மனைவி விடையிறுத்தார். அச்சொற்கள் கூரியவையாயிருந்தன என்றும், சில தம்முள்ளே தைத்தன என்றும் காந்தி தம் சரிதையில் ஒப்புக்கொள்கிறார். ஆயினும் நகைகளைத் திருப்பிக் கொடுத்தே விட்டார்.

இவ்வுரையாடலிலே வென்றவர் யார்? செயலளவிற் காந்தி வென்றார். ஆனால் வாதத்தளவில் கஸ்தூரிபாவே வென்றார் என்று கூறுதல் தவறாகாது. காந்தியின் முடிவு உயர்ந்ததாயிருக்கலாம். ஆனால் அம்முடிவிற்கு அவர் எழுப்பிய வினா பிழையானது. பரிசில் இருவருடைய உழைப்பிற்கும் உரியதெனில், அதனைத் துறக்கும் முடிவும் இருவருக்கும் உரியதாதல் வேண்டும். ஈண்டுத் தேசவழமையின் இன்னொரு கூறும் நினைவிற்கு வருகின்றது. தேட்டத்திலே மனைவிக்குச் சமபங்கு தந்த அதே சட்டமரபு, தன் சொந்த அசைவில்லா ஆதனத்தைத்தானும் கணவரின் சம்மதமின்றி அவள் கைமாற்றுவதற்கு இடந்தரவில்லை. பங்கு உண்டு, குரல் இல்லை. துணைவர் கொள்ளும் பெருமிதத்தின் குறைபாடும் பெரும்பாலும் இதுவே. புகழிலே பங்குகொள்ள அழைக்கப்படும் துணைவர், அப்புகழை ஈட்டிய செயலை மதிப்பிட அழைக்கப்படுவதில்லை.

சட்டத்தொழிலைப் பொறுத்தவரை இக்குறைபாடு மேலும் சிக்கலானது. மருத்துவரின் வெற்றி நோயாளியின் நலத்தோடு ஒன்றுபட்டது. சட்டத்தரணியின் வெற்றியோ நீதியின் வெற்றியாக இருக்கவேண்டும் என்னும் நியதியில்லை. தரப்பிரண்டு உள்ள மன்றிலே ஒரு தரப்பின் பக்கம் திறமை மிகுந்திருப்பின், நியாயம் தோற்பதும் உண்டு. குற்றஞ்சாட்டப்பட்ட எவருக்கும் தம் பக்கத்தை எடுத்துரைப்பார் ஒருவர் வேண்டும் என்பது நீதிமுறையின் அடிப்படை. ஆகையால் வெறுக்கப்படுபவருக்காக வாதிடுதல் இழிவன்று, சில வேளைகளில் மிகப் பெரிய துணிவு. ஆனால் 'வழக்கு வென்றுவிட்டது' என்ற செய்தியிலிருந்து மட்டும் துணைவர் பெருமைப்படத்தக்க எதுவும் பெறப்படுவதில்லை.

அதனினும் நுட்பமான தடை ஒன்றும் உண்டு. கட்சிக்காரர் தம் சட்டத்தரணியிடம் கூறியதை அவரது சம்மதமின்றி வெளியிடலாகாது என்பது 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் எமது நாட்டிலே நிலைநாட்டிய விதி. கணவன் மனைவியர் மணவாழ்விலே தமக்குள் கூறிக்கொண்டவற்றிற்கும் அதே சட்டம் காப்பளிக்கின்றது. சட்டம் இவ்விரு நம்பிக்கைகளையும் காக்கின்றதே தவிர, முன்னையதற்குரியதைப் பின்னையதற்குள் கொண்டுவர இசைவதில்லை. ஆகவே நேர்மையான சட்டத்தரணி, வழக்கின் உட்பொருளைத் தம் வீட்டிலே திறந்துகூறமாட்டார். விடியும்வரை எரியும் மேசைவிளக்கைத் துணைவர் காண்கிறார். அவ்விளக்கின்கீழ் விரிந்திருக்கும் உண்மையைக் காண்பதில்லை. அதாவது, அவர் எதன்பொருட்டுப் பெருமைப்படுகிறாரோ அதனை அறிதற்கு அவருக்கு உரிமையில்லை.

அறியாத ஒன்றன்மீது கொள்ளும் பெருமிதம் குருட்டுத்தனமன்றோ என இவ்விடத்து ஆட்சேபிக்கலாம். வழக்கின் மீது கொள்ளும் பெருமிதமாயின் அவ்வாட்சேபம் பொருந்தும். ஆனால் வழக்கை அறியாத துணைவர், வழக்காடுபவரை அறிவார். அவர் பணத்திற்கு வளைவாரா, ஏழைக் கட்சிக்காரரைக் காக்க வைப்பாரா, தோற்றபின் பழியைப் பிறர்மேற் சுமத்துவாரா, பொய்ச்சாட்சியத்தைக் கண்டால் முகஞ்சுளிப்பாரா, சிரிப்பாரா என்பனவற்றை உலகம் அறியுமுன் வீடு அறியும். ஆகவே துணைவரின் பெருமிதத்திற்குத் தகுதியான பொருள் வெற்றியன்று, நடத்தையே. பெரிய வழக்கு என்பது அந்நடத்தை பலரறிய வெளிப்படும் ஒரு தருணம், அவ்வளவே. அந்நடத்தை வழுவாதிருக்குமாயின், பம்பாய் மன்றிலே நா எழாது அமர்ந்து, வாங்கிய முப்பது ரூபாவைத் திருப்பிக்கொடுத்த இளைஞரிடத்தும் பெருமைப்பட ஏதோ ஒன்று இருந்தது.

தாதா அப்துல்லா வழக்கின் முடிவும் இதனை விளக்குவதே. தம் கட்சிக்காரரின் பக்கம் வலுவாயிருப்பதைக் கண்ட காந்தி, வழக்கு நீண்டால் உறவினர் இருவரும் அழிவர் என உணர்ந்து, நடுவர் தீர்ப்பிற்கு இருதரப்பாரையும் இசைவித்தார். 37,000 பவுணும் செலவுத்தொகையும் தாதா அப்துல்லாவுக்குத் தீர்ப்பாயின. அத்தொகையை ஒருங்கே செலுத்தினால் எதிர்த்தரப்பார் முறிந்துபோவர் என்பதால், நீண்டகாலத் தவணைகளிலே பெற்றுக்கொள்ளுமாறு தம் கட்சிக்காரரையே இணங்கச்செய்தார். அதனையே தாம் வென்ற பெரிய வெற்றியாக அவர் கருதினார். கடலுக்கு அப்பாலிருந்த மனைவி பெருமைப்பட வேண்டிய பொருள், தீர்ப்பின் தொகையன்று, தவணைகளே.

இனி இரண்டாவது வினா. புகழ் தேட்டமாயின் பழியும் தேட்டமே. தேட்டத்திலே பங்கு கேட்பவர் கடனிலே பங்கில்லை என்று கூறலாகாது. சிலப்பதிகாரம் இவ்வுண்மையைத் தன் துன்பியலின் நடுவிலே வைத்துள்ளது. கோவலன் மீதான குற்றச்சாட்டைப் பொற்கொல்லன் உரைத்தபோது, பாண்டியன் ஊடியிருந்த தேவியின் கோயிலை நோக்கி விரைந்துகொண்டிருந்தான். அவ்விரைவிலே ஆராயாது ஆணையிட்டான். காணாமற்போனது தேவியின் சிலம்பு. குற்றமெதுவும் அறியாத கோப்பெருந்தேவி, தன் ஊடலாலும் அணிகலனாலும் அவ்வநீதியோடு பிணைக்கப்பட்டிருந்தாள். கண்ணகி மன்றிலே நின்று கணவனின் வழக்கைத் தானே வாதித்து வென்றபோது, அரசன் உயிர்நீத்தான். தேவியும் உடன் வீழ்ந்தாள். இவ்விரு மனைவியரையும் அருகருகே வைத்து நோக்குதல் பயனுடையது. ஒருத்தி கணவனின் பெயரைக் காக்கச் சான்று காட்டினாள். மற்றையவள் கணவனின் முடிவிலே பங்குகொண்டாள். கோப்பெருந்தேவியின் அன்பு உண்மையானது. ஆனால் அரியணையருகே இருந்த அவளிடம், தீர்ப்பு வழங்கப்படுமுன் வினா எதுவும் பிறக்க இடமிருக்கவில்லை. பங்கு இறுதிவரை இருந்தது, குரல் இல்லை.

கஸ்தூரிபாவின் கதை இவ்விடத்திலேயே வேறு திசையிற் செல்கின்றது. 1913ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கேப் மாகாண உயர்மன்றத்தின் நீதிபதி சேர்ல், கிறித்தவ முறைப்படி நடந்து உரியவாறு பதிவுசெய்யப்படாத திருமணங்கள் தென்னாபிரிக்காவிற் செல்லுபடியாகா எனப் பொருள்படும் தீர்ப்பொன்றை அளித்தார். ஒரு நீதிபதியின் எழுத்து, ஆயிரக்கணக்கான மனைவியரை மனைவியரல்லர் ஆக்கிற்று. காந்தி பிற பெண்களோடு அறப்போர் பற்றிப் பேசுவதைக் கேட்ட கஸ்தூரிபா, தம்மிடம் மட்டும் ஏன் கூறவில்லை, சிறைசெல்லத் தகாத குறை தம்மிடம் யாது எனக் கேட்டார். செப்டெம்பர் மாதத்திலே எல்லைதாண்டிக் கைதாகி, மூன்று மாதக் கடுங்காவல் தண்டனையை ஏற்றார். திரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட தமிழ்ப்பெண்கள் பலரும் அப்போராட்டத்திற் சிறைசென்றனர். அவர்களுள் இளையவளான தில்லையாடி வள்ளியம்மை, சிறையிலே கண்ட நோயால் 1914 பெப்ரவரியில் தன் பதினாறாம் வயதில் மாண்டாள். அவ்வாண்டே இயற்றப்பட்ட இந்தியர் நிவாரணச் சட்டம் அத்திருமணங்களை ஏற்றுக்கொண்டது.

சட்டத்தரணியின் மனைவியாயிருந்தவர் இவ்வழக்கிலே தாமே வழக்கானார். 1901இல் 'உங்கள் பணி என் பணி' என்று பங்கு கேட்டவர், 1913இல் 'இது என் பணி' என்று குரல் கொடுத்தார். இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தூரமே, இரவல் பெருமிதத்திற்கும் உரிமைப் பெருமிதத்திற்கும் இடையிலுள்ள தூரம். 1922இல் அரச நிந்தனைக் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்ட காந்தியின் பெயரை, அவர் பயின்ற இலண்டன் சட்டக்கழகம் தன் பட்டியலினின்றும் நீக்கிற்று. தொழிலின் மதிப்பிலேயே தங்கியிருந்த பெருமிதமாயின் அன்றே அது அணைந்திருக்கும். கஸ்தூரிபாவோ 1944இல் புனே நகரிலே, கணவரோடு தடுத்துவைக்கப்பட்ட நிலையிலேயே உயிர்துறந்தார்.

இதுகாறும் கூறியவை மனைவியர்க்கு மாத்திரம் உரியன எனக் கொள்ளுதல் பொருந்தாது. அமெரிக்க உயர்நீதிமன்றத்திற்கு 1993இல் நியமனம்பெற்ற ரூத் பேடர் கின்ஸ்பேர்க்கின் கணவர் மார்ட்டின், தாமும் பெயர்பெற்ற வரிச்சட்ட வல்லுநர். மணமாகாத ஆணொருவர் தம் தாயைப் பராமரித்த செலவுக்கு வரிக்கழிவு மறுக்கப்பட்டமையை எதிர்த்த வழக்கை அவ்விருவரும் இணைந்து நடத்தி, 1972இல் வென்றனர். மனைவிக்கு 1980இல் வொஷிங்டனில் நீதிபதிப் பதவி கிடைத்தபோது அவரும் நியூயோர்க்கை விட்டுச் சென்றார்; வீட்டுச் சமையலையும் அவரே மேற்கொண்டார்; மனைவியின் உயர்நீதிமன்ற நியமனத்திற்காகத் தாமே முன்னின்று முயன்றார். அவரது பெருமிதத்தை உலகம் பெருந்தன்மையெனப் பாராட்டிற்று. அதே செயல்களைச் செய்த எண்ணற்ற மனைவியரது பெருமிதமோ கடமையெனக் கணிக்கப்பட்டது, பாராட்டப்படவில்லை. ஒரே செயல் ஆணிடத்துப் பண்பாகவும் பெண்ணிடத்து வழக்கமாகவும் கொள்ளப்படுமாயின், பிழை செயலில் இல்லை, அளவுகோலிலேயே உள்ளது.

புகழும் தேடிய தேட்டமா என்ற வினாவிற்கு இனி விடை கூறலாம். ஆம், ஆனால் அத்தேட்டத்திற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. அது பகிர்ந்துகொண்ட உழைப்பிலே வேரூன்றியிருத்தல் வேண்டும். இன்றேல் அஃது அயலார் வண்டியைப் பார்த்துக் கொள்ளும் பெருமையே. பழி வரும்போது விலகாது நிற்றல் வேண்டும். இன்றேல் அது வெற்றியின் மீதுள்ள பற்றேயன்றி மனிதர் மீதுள்ள பற்றன்று. எல்லாவற்றிற்கும் மேலாக, வினவும் உரிமையை அது கைவிடலாகாது. வழக்கின் இரகசியத்தை வினவுதல் தகாது; ஆனால் 'இவ்வழக்கினால் நீங்கள் எத்தகையவர் ஆகிறீர்கள்?' என்று வினவுதல் தகும். அவ்வினாவை வேறெவரும் கேட்கமாட்டார். கட்சிக்காரர் வெற்றியைக் கேட்பார்; நீதிபதி சட்டத்தைக் கேட்பார்; பத்திரிகை செய்தியைக் கேட்கும்.

வழக்கு முடிந்து வீடு திரும்பும் சட்டத்தரணியின் கறுப்பு அங்கியை வாங்கி மாட்டும் கை, அதன் மடிப்பிலே படிந்த தூசியையும் காணும். கண்டதைச் சொல்லும் துணிவு அக்கைக்கு உரியவரிடத்தும், கேட்கும் பொறுமை அங்கிக்கு உரியவரிடத்தும் இருக்குமாயின், அவ்வீட்டிலே எழும் பெருமிதம் இருவருக்கும் உரிய தேட்டமே.